கண்ணை மூடினால் கால் ஏன் தள்ளாடுகிறது? ஒரு பாட்டியும் ஒரு பழைய சோதனையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

படிக்கும் முன் ஒரு சின்ன வேலை. எழுந்து ஒரு சுவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதங்களையும் ஒட்டி வையுங்கள். இப்போ கண்ணை மூடி, மனசுக்குள் 30 வரைக்கும் எண்ணுங்கள்.

(60 வயசைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் தயவுசெய்து தனியாகச் செய்ய வேண்டாம். பக்கத்தில் ஒரு ஆள் கையை நீட்டித் தயாராக நிற்கட்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.)

உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடியிருக்கும். ஆனா விழுந்திருக்க மாட்டீர்கள். அந்த அரை நிமிஷம் உங்களை நிற்க வைத்தது எது? கண் மூடியிருந்தது. அப்போ வேற ஏதோ ஒன்று வேலை செய்திருக்கிறது, இல்லையா?

அது என்னவென்று கண்டுபிடித்த கதைதான் இன்னிக்கு. ஆனா அதற்கு முன் ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஆஸ்பத்திரி ஓபிக்கு வந்தவர். எழுபதைத் தாண்டிய வயசு, பல வருட சர்க்கரை நோய். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வீட்டில் அவர் விழுந்தது அது மூன்றாவது முறை.

முதல் இரண்டு முறையும் அவரைப் பார்த்தது நான்தான். வெளியே நீள வரிசை. "தலை சுத்துதா பாட்டி?" என்று கேட்டேன். "ஆமா தம்பி, ஒரு மாதிரியா இருக்கு" என்றார். பிரஷர் பார்த்தேன், சர்க்கரை பார்த்தேன், தலைசுற்றல் மாத்திரை எழுதி அனுப்பினேன். காலைப் பார்க்கவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனா எழுதாவிட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தம் இல்லை.

மூன்றாவது முறைதான் கேள்வியை மாற்றிக் கேட்டேன். "பாட்டி, எப்பெப்ப விழறீங்க?"

"தலைக்கு ஊத்திக்கும்போதுதான் தம்பி. சோப்பு கண்ணுல பட்டுருமேன்னு கண்ணை மூடுவேன். அப்படியே யாரோ புடிச்சு தள்ளிவிட்ட மாதிரி இருக்கும். ஒரு தடவை மட்டும் ராத்திரி கரெண்டு போனப்ப விழுந்தேன்."

எம்பிபிஎஸ் படித்த யாருக்கும் இந்த இரண்டு வரியைக் கேட்டதும் ஒரு பெயர் நினைவுக்கு வர வேண்டும். எனக்கு வந்தது. தாமதமாக வந்தது.

ராம்பெர்க்.

சரி, வரலாற்றுக்குப் போவோம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் மனிதனுக்குப் புலன்கள் ஐந்து என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. பார்ப்பது, கேட்பது, முகர்வது, சுவைப்பது, தொடுவது. 1826இல் சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், லண்டனில் வேலை பார்த்த அறுவை மருத்துவர், இந்தக் கணக்கில் ஒன்று குறைகிறது என்றார். மூளை தசைக்கு உத்தரவு அனுப்புகிறது, சரி. அந்தத் தசை இப்போ எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தி மூளைக்குத் திரும்பி வராவிட்டால் அடுத்த உத்தரவை எப்படிப் போடுவது? போவதும் வருவதுமாக ஒரு வட்டம் இருந்தாக வேண்டும் என்றார். அதற்கு அவர் வைத்த பெயர் தசை உணர்வு.

பெல் சொன்ன ஒரு தாயின் கதை எனக்கு மறக்கவே மறக்காது. பால் கொடுக்கும் தாய். உடம்பின் ஒரு பக்கம் பலம் இல்லை, இன்னொரு பக்கம் உணர்ச்சி இல்லை. உணர்ச்சி இல்லாத, ஆனால் பலமுள்ள கையால் குழந்தையை அணைத்துப் பிடித்துக்கொள்வார். குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வரை பிடி நன்றாக இருக்கும். பார்வை வேறு பக்கம் திரும்பினால் கை தானாகத் தளர்ந்துவிடும், குழந்தை நழுவும். கை இருக்கிறது, பலமும் இருக்கிறது. ஆனா அந்தக் கை எங்கே இருக்கிறது என்று சொல்ல கண் தேவைப்படுகிறது.

அடுத்து 1836இல் மார்ஷல் ஹால் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதையே காலில் பார்த்தார். அவருடைய நோயாளி வெளிச்சத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நன்றாக நடப்பார். இருட்டில் அவரால் நடக்க முடியாது.

இந்தக் கவனிப்புகளை ஒரு சோதனையாக மாற்றியவர் பெர்லினில் இருந்த மோரிட்ஸ் ஹைன்ரிக் ராம்பெர்க்.

ராம்பெர்க் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. காரணம், அவர் பல வருடம் பெர்லினில் ஏழைகளுக்கான மருத்துவராக இருந்தவர். 1831இலும் 1837இலும் காலரா வந்தபோது காலரா மருத்துவமனையை நடத்தினார். சார்லஸ் பெல்லின் நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்ததும் அவர்தான். இவ்வளவுக்கும் நடுவில், 1840 முதல் 1846 வரை பகுதி பகுதியாக நரம்பு நோய்களுக்கு ஒரு பாடநூல் எழுதினார். நரம்பு நோய்களை முறையாக வகுத்து எழுதிய முதல் பாடநூல்களில் ஒன்று அது.

அதில் ஒரு நோயை விவரிக்கிறார். பெயர் டேபீஸ் டார்சாலிஸ். தண்டுவடத்தின் பின்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துபோகும் நோய். இந்த நோயாளிகளுக்குக் காலில் பலம் இருக்கும். ஆனா தரை தெரியாது. பஞ்சு மேல் நடக்கிற மாதிரி என்பார்கள். காலைத் தேவைக்கு மேல் உயரமாகத் தூக்கித் தொப்பென்று வைப்பார்கள். இவர்களை நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னால் உடனே தள்ளாட ஆரம்பிக்கிறார்கள் என்று ராம்பெர்க் எழுதினார். கண்ணை மூடி முகம் கழுவும்போது தொட்டி மேலேயே சாய்வார்கள். அதனால் முகம் கழுவும் தொட்டியின் பெயரிலேயே நரம்பியலில் ஒரு நோய் அடையாளம் உண்டு.

பெர்லினின் கழுவும் தொட்டி. எங்கள் பாட்டியின் குளியல் சொம்பு. 2க்கும் நடுவில் ஏறத்தாழ 180 வருடம்.

இந்தச் சோதனை எப்படி வேலை செய்கிறது? நாம் நேராக நிற்க மூளைக்கு 3 இடத்திலிருந்து செய்தி வருகிறது. முதலாவது கண். இரண்டாவது உள்காது. மூன்றாவது பாதம், கணுக்கால், முழங்கால் என்று தசையிலும் மூட்டிலும் இருந்து தண்டுவடத்தின் பின்பகுதி வழியாக ஏறி வரும் செய்தி. இந்த மூன்றில் 2 சரியாக இருந்தால் போதும், சமாளித்து நின்றுவிடலாம். நீங்கள் கண்ணை மூடியபோது காதும் காலும் பார்த்துக்கொண்டன. காலிலிருந்து வரும் செய்தி கெட்டுப்போன ஒருவர் கண்ணை வைத்து ஈடுகட்டிக்கொண்டிருப்பார். அவருக்கே அது தெரியாது. கண்ணையும் மூடினால் மிச்சம் இருப்பது காது மட்டும். அது ஒன்றே போதாது. விழுகிறார்.

ஒரு இடைச்செருகல். மருத்துவ மாணவர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் உங்களுக்காக. ராம்பெர்க் சோதனை சிறுமூளைக்கானது என்று வைவாவில் சொல்லிவிடாதீர்கள். சிறுமூளை கெட்டவர் கண்ணைத் திறந்திருந்தாலும் தள்ளாடுவார். திறந்திருக்கும்போது நிற்கிறார், மூடினால் சாய்கிறார் என்றால்தான் அது ராம்பெர்க். நான் இதைத் தப்பாகச் சொல்லி, வெளியிலிருந்து வந்த தேர்வாளரிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

ராம்பெர்க்குக்கு இந்த நோயின் காரணம் தெரியாது. 1870களில் பாரிஸில் ஆல்ஃப்ரெட் ஃபூர்னியே என்பவர், இது சிபிலிஸ், அதாவது மேகநோய், பல வருடம் கழித்துத் தண்டுவடத்தைத் தின்பதால் வருவது என்றார். அந்தக் காலத்து நரம்பியலின் பெரிய தலை ஷார்கோ. அவர் இதை ஏற்கவில்லை, பரம்பரைதான் காரணம் என்று நின்றார். ஃபூர்னியே சொன்னதுதான் சரி என்று பின்னால் நிரூபணமானது. பெரிய ஆள் சொல்வதெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று இல்லை.

காரணம் தெரியாதபோது வைத்தியம் எப்படி இருந்திருக்கும்? கேட்டால் வயிற்றைக் கலக்கும். 1880களில் டேபீஸ் நோயாளிகளைத் தொங்கவிட்டார்கள். நிஜமாகத்தான். தாடைக்கும் அக்குளுக்கும் கீழே வார் கட்டி, கப்பி வைத்துத் தரையிலிருந்து தூக்கி, சில நிமிஷம் அந்தரத்தில் தொங்கவிடுவார்கள். தண்டுவடம் இழுபட்டு நோய் குணமாகும் என்று நம்பினார்கள். அன்றைய ரஷ்யப் பேரரசின் ஒடெஸாவில் ஆரம்பித்த இந்த முறையை ஷார்கோவே பாரிஸில் கையில் எடுத்தார். புகழ்பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அல்ஃபோன்ஸ் டோடேவுக்கு இந்த நோய் இருந்தது. அவரும் அப்படித் தொங்கினார். குணமாகவில்லை.

ராம்பெர்க்கின் தீர்ப்பும் நம்பிக்கை தருவதாக இல்லை. இந்த நோய்க்கு மீட்சியே கிடையாது என்றுதான் எழுதிவிட்டுப் போனார்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆள் உள்ளே வருகிறார்.

ஹைன்ரிக் ஃப்ரெங்கல். பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் எல்லாம் இல்லை. சுவிட்சர்லாந்தில் ஹைடன் என்ற சின்ன ஊரில் இருந்த மருத்துவர். 1880களின் கடைசியில் அவரிடம் ஒரு டேபீஸ் நோயாளி வந்தார். விரலால் மூக்கைத் தொடச் சொன்னார் ஃப்ரெங்கல். நோயாளியால் முடியவில்லை, விரல் எங்கெங்கோ போனது. சில மாதம் கழித்து அதே நோயாளி திரும்பி வந்தார். அதே சோதனை. விரல் நேராகப் போய் மூக்கில் உட்கார்ந்தது.

நோய் குணமாகிவிட்டதா? இல்லை. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. எப்படி இது மட்டும் சரியானது என்று கேட்டார். போன தடவை இந்தப் பரீட்சையில் தோற்றுவிட்டேன், அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, அதனால் வீட்டில் பழகிக்கொண்டு வந்தேன் என்றாராம்.

நாமாக இருந்தால் சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்போம். ஃப்ரெங்கல் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டார். ஒரு விரலைப் பழக்க முடியும் என்றால் காலை ஏன் பழக்க முடியாது? படுக்கையில் படுத்து, காலைப் பார்த்துக்கொண்டே குதிகாலை மெல்ல நகர்த்துவது. பிறகு உட்கார்ந்து எழுவது. பிறகு தரையில் பாதம் வரைந்து, அந்தக் கோட்டுக்குள் சரியாகக் காலை வைத்து நடப்பது. வேகம் வேண்டாம், பலம் வேண்டாம். மெதுவாக, எண்ணிக்கை சொல்லி, கண்ணால் பார்த்து, திரும்பத் திரும்ப. செத்துப்போன நரம்பு உயிர் பெறுவதில்லை. ஆனா மீதி இருக்கும் செய்திகளை வைத்து வேலையை முடிக்க மூளை கற்றுக்கொள்கிறது.

இன்றைக்கும் பிசியோதெரபிஸ்ட்கள் சொல்லித் தருவது இதைத்தான். பெயரே ஃப்ரெங்கல் பயிற்சி. எந்த அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் கேட்டாலும் தெரியும். மருந்து இல்லை, மெஷின் இல்லை, ஒரு சாக்பீஸ் போதும்.

1906இல் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர், நம் உடம்பின் நிலையை நமக்கே சொல்லும் இந்த உணர்வுக்கு ப்ரொப்ரியோசெப்ஷன் என்ற பெயரை வைத்தார். கால் தரப்பின் கதை இதோடு போதும்.

அடுத்தது காது.

காது கேட்பதற்குத்தானே, அதற்கும் நிற்பதற்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்விக்கு முதல் பதில் சொன்னவை புறாக்கள். 1820களில் ஃப்ளூரன்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் புறாவின் உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழல்களை வெட்டிப் பார்த்தார். புறாவுக்குக் காது கேட்டது. ஆனா தலை சுழன்றது. எந்தத் தளத்தில் இருக்கும் குழலை வெட்டினாரோ அந்தத் தளத்திலேயே சுழன்றது. பாவம்தான் அந்தப் புறாக்கள்.

இத்தனைக்குப் பிறகும் மனிதர்களுக்குத் தலை சுற்றினால் அது மூளைக்கு ரத்தம் ஏறியதால் என்றே மருத்துவர்கள் சொன்னார்கள். ரத்தத்தைக் குறைக்க அட்டை விடுவார்கள், நரம்பைக் கீறி ரத்தம் இறக்குவார்கள். 1861 ஜனவரியில் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் ப்ரோஸ்பேர் மெனியே என்பவர் எழுந்து, இதில் பல பேருக்குக் கோளாறு மூளையில் இல்லை, உள்காதில் இருக்கிறது என்றார். அவர் காது கேளாதோர் பள்ளியின் மருத்துவர். வாழ்நாள் முழுக்கக் காதுகளைப் பார்த்தவர். திடீர்த் தலைசுற்றல், வாந்தி, காதில் இரைச்சல், கேட்கும் திறன் குறைவது, இவை எல்லாம் ஒன்றாக வருவதை அவர் திரும்பத் திரும்பக் கண்டிருந்தார். கழகத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடமே, 1862இல், இறந்துபோனார். மெனியர்ஸ் நோய் என்ற பெயர் வந்ததைப் பார்க்க அவர் இல்லை.

காதைச் சோதிக்கும் முறையைக் கொடுத்தவர் வியன்னாவின் ராபர்ட் பாரனி. இவருக்குச் சின்ன வயசில் எலும்புக் காசநோய் வந்து ஒரு முழங்கால் மடங்காமல் போய்விட்டது. காது மருத்துவராக அவர் தினமும் செய்த வேலை, நோயாளிகளின் காதில் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்வது. அப்படிச் செய்யும்போது பலருக்குத் தலை சுற்றும், கண் இப்படியும் அப்படியும் துடிக்கும். ஒரு நோயாளி சொன்னார், "டாக்டர், தண்ணி சூடு பத்தலைன்னாத்தான் எனக்குத் தலை சுத்துது." சரி, சூடாகக் கொண்டுவா என்று நர்ஸிடம் சொன்னார். அந்த அம்மா ரொம்பவே சூடாகக் கொண்டுவந்துவிட்டார். மறுபடியும் தலைசுற்றல். ஆனா இந்த முறை கண் எதிர்த் திசையில் துடித்தது!

பாரனி யோசித்தார். சூடான தண்ணீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். காதுக்குழலுக்குள் இருக்கும் திரவமும் அப்படித்தானே நகரும்? சூட்டுக்கு ஒரு திசை, குளிருக்கு எதிர்த் திசை. மூளைக்குத் தலை சுழல்வதாகப் பொய்ச் செய்தி போகிறது. ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சோதிக்க மனிதனுக்கு முதன்முதலாக ஒரு வழி கிடைத்தது.

இதற்காக அவருக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு. செய்தி வந்தபோது பாரனி எங்கே இருந்தார் தெரியுமா? முதல் உலகப் போரில் ஆஸ்திரிய ராணுவ மருத்துவராகப் போய் ரஷ்யர்களிடம் பிடிபட்டு, மத்திய ஆசியாவில் மெர்வ் என்ற இடத்தில் போர்க்கைதியாக இருந்தார். ஸ்வீடன் இளவரசரும் செஞ்சிலுவைச் சங்கமும் பேசி 1916இல் விடுவித்தார்கள். போய்ப் பரிசை வாங்கினார். வியன்னாவுக்குத் திரும்பினால் அங்கே சக மருத்துவர்கள், எங்கள் வேலையைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டாய் என்று சண்டைக்கு நின்றார்கள். வெறுத்துப்போய் ஸ்வீடனின் உப்சலாவுக்கே குடிபோனார். நோபல் வாங்கினாலும் ஊர் அரசியல் விடாது போல.

பின்னால் ஒரு வேடிக்கை. 1983இல் விண்வெளிக்குப் போனவர்களிடம் இதே சோதனையைச் செய்தார்கள். அங்கே சூடானது மேலே ஏறாது. பாரனி சொன்னது மட்டுமே காரணம் என்றால் கண் துடிக்கக் கூடாது. துடித்தது! சூடு நேரடியாகவும் ஏதோ செய்கிறது. அதற்காகச் சோதனை பொய்யாகிவிடவில்லை. மூளைச்சாவை உறுதி செய்யும்போது, காதில் குளிர்ந்த நீர் விட்டுக் கண் அசைகிறதா என்று இன்றும் பார்க்கிறோம். ஒருவருடைய உறுப்புகள் இன்னொருவருக்குப் போகும் முன் நடக்கும் சோதனைகளில் பாரனியின் தண்ணீரும் ஒன்று.

சரி, உள்காது இரண்டும் மொத்தமாகப் போய்விட்டால்? 1944இல் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. காசநோயைக் கொல்லும் முதல் மருந்து. லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. கூடவே சிலரின் உள்காதையும் கெடுத்தது. முழங்கால் காசநோய்க்காக அந்த ஊசி போட்டுக்கொண்ட ஒரு மருத்துவர், தன் அனுபவத்தை 1952இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார். படுக்கையில் புத்தகம் படிக்க அவர் தலையைக் கட்டில் கம்பிகளுக்கு நடுவில் இறுக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஏன் தெரியுமா? நாடி ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் தலை மயிரிழை அளவு அசைகிறது. அந்த அசைவுக்கே எழுத்துகள் குதித்தன. நம் எல்லோர் தலையும் அப்படித்தான் அசைகிறது. உள்காது அதைச் சரிகட்டுவதால் நமக்குத் தெரிவதில்லை.

நம் நாட்டிலும் சில வருடம் முன்புவரை, காசநோய் திரும்ப வந்தவர்களுக்கு 2 மாதம் இந்த ஊசி போட்டோம். ஊசி போட வரிசையில் நின்றவர்களில் யாராவது "நடந்தா ஆட்டுது சார்" என்றால் உடனே காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

இப்போ நம்ம ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். இது மொழிப் பிரச்சினையும்கூட.

"தலை சுத்துது." இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் மக்கள் குறைந்தது 4 வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். வீடே சுழல்வது ஒன்று. இது பெரும்பாலும் உள்காது. படுக்கையில் புரண்டால் சில வினாடி சுற்றுகிறது என்றால் உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கலாம். அதற்கு மாத்திரையைவிடத் தலையைச் சில கோணங்களில் திருப்பிச் செய்யும் எப்ளி முறை நன்றாகக் கேட்கும். எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருவது இன்னொன்று. அது ரத்த அழுத்தம், சில நேரம் மாத்திரையின் அளவு. பசி மயக்கம், சர்க்கரை இறங்குவது வேறொன்று. கடைசியாக, தலையில் ஒன்றுமே இல்லாமல், காலில் நிலை இல்லாமல் இருப்பது. எங்கள் பாட்டிக்கு இருந்தது இது. அதையும் அவர் "தலை சுத்துது" என்றே சொன்னார், நான் கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்ல அவருக்கு வழியில்லை.

தப்பான மாத்திரை சும்மா போவதும் இல்லை. தலைசுற்றல் மாத்திரைகளில் சில தூக்கத்தைக் கொடுக்கும். சிலவற்றை மாதக்கணக்கில் வயதானவர்கள் சாப்பிட்டால் கை நடுக்கம், உடல் இறுக்கம் என்று பார்க்கின்சன் மாதிரியே வரும். விழாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையால் விழுவார்கள். அமெரிக்காவில் மேரி டினெட்டி என்ற மருத்துவர் 1988இல், 75 வயதைத் தாண்டிய 336 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்தார். 32 சதவீதம் பேர் ஒரு முறையாவது விழுந்தார்கள். யார் விழுவார்கள் என்பதைக் காட்டியவற்றில் தூக்க மாத்திரை ஒன்று, பாதக் கோளாறு ஒன்று. 1994இல் அவரே அடுத்த படிக்குப் போனார். மாத்திரைகளைச் சரிபார்த்து, உடற்பயிற்சி சொல்லித் தந்து, எழுந்திருக்கும் முறையை மாற்றினார். அப்படிப் பார்த்துக்கொண்டவர்களில் அந்த வருடம் விழுந்தவர்கள் 35 சதவீதம், மற்றவர்களில் 47 சதவீதம். "வயசாயிடுச்சு, விழத்தான் செய்வாங்க" என்று சொல்கிறோமே, அந்தப் பேச்சுக்கு எதிராக இந்த 2 எண்களை நான் அடிக்கடி பயன்படுத்துவேன்.

ஸ்வீடனில் 1997இல் செய்த ஆய்வு இன்னும் எளிமை. முதியோர் இல்லத்தில் இருந்த 58 பேரோடு கூடவே நடந்துகொண்டு பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினார்கள். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த 6 மாதத்துக்குள் விழுந்தார்கள். நடை என்பது கால் தானாகச் செய்கிற காரியம் என்று நினைக்கிறோம். இவர்களுக்கு நடப்பதற்கே மொத்தக் கவனமும் தேவைப்படுகிறது, பேச மிச்சம் இல்லை. உங்கள் அப்பாவோடு கடைக்குப் போகும்போது கவனியுங்கள். பேச நிற்கிறாரா?

வீட்டில் செய்யக்கூடிய இன்னொன்று, 1991இல் கனடாவில் வகுத்தது. நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். வழக்கமான வேகம், பக்கத்தில் நீங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

போகும்போது வாங்கிச் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். "தலை சுத்துது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, வெளிச்சம் இருந்ததா என்று சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நான் 2 முறை கேட்கவில்லை.

பாட்டியின் கதையை முடித்துவிடுகிறேன். அவரை நிற்க வைத்து, 2 பக்கமும் நானும் சிஸ்டரும் கை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடச் சொன்னோம். 3 வினாடிகூட நிற்கவில்லை, என் கையில் சாய்ந்தார். டியூனிங் ஃபோர்க்கை அதிரவிட்டுக் கால் கட்டைவிரலில் வைத்தால் ஒன்றும் தெரியவில்லை என்றார். கண்ணை மூடச் சொல்லி விரலை மேலும் கீழும் அசைத்தால் எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரியவில்லை. டேபீஸ் இல்லை, அந்த நோய் இப்போ அபூர்வம். இவருக்குச் சர்க்கரையால் கால் நரம்பு போயிருந்தது. பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர் என்பதால் பி12 பரிசோதனைக்கு அனுப்பினோம், அதுவும் குறைவாக இருந்தது. மெட்ஃபார்மின் நல்ல மருந்து, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனா வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 பார்க்க வேண்டும். அது குறைந்தால் ராம்பெர்க் சொன்ன அதே தண்டுவடப் பின்பகுதி கெடும்.

தலைசுற்றல் மாத்திரையை நிறுத்தினேன். பி12 ஊசி போட்டோம். பிசியோதெரபிஸ்ட் ஃப்ரெங்கல் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். குளிக்கும்போது பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கணும், ராத்திரி ஒரு சின்ன பல்பு எரியணும், வீட்டுக்குள்ளேயும் செருப்பு போடணும் என்று சொன்னோம். வீட்டுக்குள் செருப்பா என்று முகம் சுளித்தார்.

3 மாதம் கழித்து வந்தார். மறுபடி கண்ணை மூடி நிற்கச் சொன்னேன். ஆட்டம் இருந்தது. ஆனா 12 வரை எண்ணினேன், அதற்கு அப்புறம்தான் சாய்ந்தார். ஊசியாலா, பயிற்சியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. "தெனம் சாயங்காலம் ஜன்னல் கம்பிகிட்ட நின்னு பாக்குறேன் தம்பி, பேரன் பக்கத்துல நின்னு எண்ணுவான்" என்றார்.

அதற்குப் பிறகு இதுவரை விழவில்லை. செருப்பு போட்டுக்கொள்கிறார். ஸ்டூல் மட்டும் இன்னும் வாங்கவில்லையாம். அடுத்த தடவை மகனைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.